நம்பிச் சேர்த்த எக்ஸ்டென்ஷன் நாளை யார் கையில்?

2021 பிப்ரவரியில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான குரோம் பிரவுசர்களில் ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் நடந்தது. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் நாம் சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவி) கூகுள் தானாகவே முடக்கியது. அதில் மால்வேர் இருப்பதாக ஓர் எச்சரிக்கையும் வந்தது. அது முந்தைய நாள் முளைத்த சந்தேகத்துக்குரிய சரக்கு அல்ல. பயன்படுத்தாமல் திறந்துகிடக்கும் டேப்களை உறங்கவைத்து, கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்தித் தந்த கருவி. பல ஆண்டுகளாக நற்பெயருடன் இருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை வைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். அதை உருவாக்கியவர் 2020 ஜூனில் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்பது பயனாளர்களுக்குத் தெரியாது. சில மாதங்களில் ஓர் அப்டேட் வந்தது. வெளியே உள்ள சர்வரிலிருந்து நிரல்வரிகளை இறக்கி ஓட்டும் வசதி அதில் புகுத்தப்பட்டிருந்தது. பெயர்ப்பலகை மாறாமல் கடை மட்டும் கைமாறிய கதை. மைக்ரோசாஃப்ட் நவம்பரிலேயே அதைத் தன் எட்ஜ் ஸ்டோரிலிருந்து நீக்கியது. கூகுளின் நடவடிக்கைக்கு மேலும் மூன்று மாதங்கள் ஆயின.

பிரவுசர் பாதுகாப்பு என்றதும் பலரும் கேட்பது, ‘எந்த பிரவுசர் நல்லது?’ என்றுதான். ‘என் பிரவுசருக்குள் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்?’ என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

எதைத் தேர்வது?

கடைவிரித்திருக்கும் பெயர்கள் பல. உள்ளே ஓடும் இன்ஜின்கள் சில. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ 2023இல் வெளியிட்ட ‘உலா’ ஆகிய எல்லாவற்றுக்கும் அடித்தளம் குரோமியம். ஃபயர்ஃபாக்ஸின் இன்ஜின் கெக்கோ. ஆப்பிளின் சஃபாரி ஓடுவது வெப்கிட்டில்.

முதல் தகுதி, அப்டேட் தவறாமல் வருகிறதா என்பதே. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று விடைகொடுத்தது. விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினிகளில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டு உடைந்த பீரோவில் நகை வைப்பதற்குச் சமம். கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு புதிய ஓட்டையும் அதில் அடைபடாமலே இருக்கும்.

விளம்பரத் தடுப்பு முக்கியம் என்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை ‘மேனிஃபெஸ்ட் வி3’ என்ற பெயரில் கூகுள் மாற்றியமைத்தது. வெளியிலிருந்து நிரல்வரிகளை இறக்கி ஓட்டுவதை அது தடைசெய்கிறது. இது நல்ல மாற்றம். அதே விதிகளால் ‘யூபிளாக் ஆரிஜின்’ போன்ற வலுவான விளம்பரத் தடுப்பான் குரோமில் முழு வடிவில் இயங்க முடியாமல் போனது. குரோமுக்கு அதன் ‘லைட்’ வடிவம்தான். ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவமும் கிடைக்கிறது.

ஆனால், பிரவுசரை மாற்றிவிட்டால் மட்டும் கெட்ட எக்ஸ்டென்ஷனிடமிருந்து தப்பிவிட முடியாது. குரோம் ஸ்டோரில் உள்ளவற்றை எட்ஜிலும் பிரேவிலும்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒற்றை அனுமதியின் விலை

எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கும்போது ஒரு சிறு பெட்டி தோன்றும். ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கும். பெரும்பாலானோர் படிக்காமலே கிளிக் செய்துவிடுவார்கள். இந்த வரியின் பொருள் மிகப் பெரியது.

இணையதள முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கினால், தகவல் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு வருகிறது. பிரவுசருக்குள் வந்ததும் பூட்டு திறந்துவிடும். எக்ஸ்டென்ஷன் இருப்பதோ பிரவுசருக்குள்! மின்னஞ்சலின் வாசகம், தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டு, கணக்கிருப்பு என எல்லாம் அதன் கண்ணில் படும். லாக்-இன் விவரத்தை நினைவில் வைத்திருக்கும் குக்கீகளை எடுக்கும் அனுமதியும் சேர்ந்துவிட்டால், நீங்கள் ஏற்கெனவே லாக்-இன் செய்த கணக்குக்குள் ஓடிபி இல்லாமலே நுழைய முடியும்.

2024 கிறிஸ்துமஸ் நேரத்தில் நடந்தது இதற்குச் சான்று. ‘சைபர்ஹேவன்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொழிலே தகவல் பாதுகாப்புதான். அதன் எக்ஸ்டென்ஷனைச் சுமார் 4 லட்சம் பேர் பயன்படுத்திவந்தனர். குரோம் ஸ்டோர் அனுப்பியதைப் போலவே ஜோடிக்கப்பட்ட ஒரு போலி மின்னஞ்சலை நம்பி, அங்குள்ள ஊழியர் ஒருவர் ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்தார். அவ்வளவுதான். நஞ்சு கலந்த அப்டேட் அதிகாரபூர்வமான ஸ்டோர் வழியாகவே வெளியேறியது. ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குகளைக் கைப்பற்றுவதே அதன் குறி. சுமார் ஒரு நாளுக்குள் அது அகற்றப்பட்டது. ஆனால், அதே பாணியில் வேறு பல எக்ஸ்டென்ஷன்களும் தாக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

கெட்ட எக்ஸ்டென்ஷன் நம்மிடம் வந்துசேர, விற்பனை, திருட்டு ஆகியவற்றோடு மூன்றாவது வழியும் உண்டு: போலி. 2017இல் ‘ஆட்பிளாக் பிளஸ்’ பெயரிலேயே ஒரு போலி குரோம் ஸ்டோரில் நுழைந்தது. கண்டுபிடித்து நீக்குவதற்குள் சுமார் 37,000 பேர் அதை இறக்கிவிட்டார்கள்.

என்ன செய்யலாம்?

குரோமில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து, எக்ஸ்டென்ஷன்கள் பட்டியலுக்குச் செல்லுங்கள். கடந்த சில மாதங்களில் தொடாதவற்றை நீக்கிவிடுங்கள், அணைத்துவைப்பது போதாது. மிஞ்சியவற்றில் ஒவ்வொன்றின் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்திலும் ‘சைட் ஆக்சஸ்’ என்ற அமைப்பு இருக்கும். ‘எல்லாத் தளங்களிலும்’ என்பதை ‘கிளிக் செய்தால் மட்டும்’ என மாற்றலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் கருவிக்கு உங்கள் வங்கிப் பக்கத்தில் எப்போதும் வேலை இல்லை.

வங்கி, வருமான வரி போன்றவற்றுக்குத் தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதில் ஓர் எக்ஸ்டென்ஷனும் சேர்க்காமல் வைத்துக்கொள்வது எளிய, உறுதியான வழி. ஒரு புரொஃபைலில் உள்ள எக்ஸ்டென்ஷன் இன்னொன்றை எட்டிப்பார்க்காது.

தேடல் பக்கம் தானாக மாறுவது, முன்பின் தெரியாத முகப்புப் பக்கம் வருவது, நீக்கு பொத்தானே வேலை செய்யாதது எல்லாம் எச்சரிக்கை மணிகள். வீட்டுக் கணினியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வாசகம் தெரிந்தால், வேறொரு மென்பொருள் உள்ளே அமர்ந்து ஆட்டிவைக்க வாய்ப்புண்டு. சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களாலும் அது தோன்றலாம் என்பதால் பதறத் தேவையில்லை. விண்டோஸின் செயலிகள் பட்டியலில் அறிமுகமில்லாததை நீக்கி, வைரஸ் ஸ்கேன் செய்து, பிறகு பிரவுசர் அமைப்புகளை ‘ரீசெட்’ செய்ய வேண்டும். முக்கியமான பாஸ்வேர்டுகளையும் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்-அவுட் செய்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோமில் எக்ஸ்டென்ஷன் கிடையாது. அங்கே தொல்லை நோட்டிஃபிகேஷன் வழியாக வருகிறது. ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதியுங்கள்’ என்று கேட்கும் தளத்துக்குச் சம்மதித்தால், ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று மிரட்டும் விளம்பரங்கள் வரிசைகட்டும். குரோம் அமைப்புகளில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதிக்குச் சென்று அந்தத் தளத்தின் அனுமதியை ரத்து செய்தால் போதும். மிரட்டும் விளம்பரத்தைத் தொட வேண்டாம்.

பணம் பறிபோயிருந்தால் காத்திருக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகப் புகார் செய்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பும் கூடும். எதுவும் நடக்கவில்லை என்றாலும் இன்றே எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள். எதற்காகச் சேர்த்தோம் என்று சொல்லத் தெரியாத ஒவ்வொன்றையும் நீக்கிவிடுங்கள்.