0.13-க்காக 8 நாள் பஸ் நின்றது!

2018-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி. வியாழக்கிழமை மாலை.

தமிழ்நாடு முழுவதும் சர்க்கார் பஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. பல ஊர்களில் பிரயாணிகள் பாதி வழியில் இறங்கினார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. பொங்கலுக்கு இன்னும் பத்தே நாள்!

சிவகாசி வட்டாரத்துக்கு இது இரண்டாவது அடி. 2017 டிசம்பர் 26-ம் தேதி முதலே பட்டாசு ஆலைகள் மூடிக் கிடந்தன. பட்டாசைத் தடை செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு. சுற்றுச்சூழல் விதியில் இருந்து பட்டாசுக்கு விலக்கு கொடுங்கள் என்று கேட்டு, ஆலை அதிபர்கள் கதவை அடைத்திருந்தார்கள். ஆலை இல்லை, கூலி இல்லை. வேறு வேலை தேடி விருதுநகர், சாத்தூர் பக்கம் போகலாம் என்றால், இப்போது பஸ்சும் இல்லை.

ஏன் நின்றது பஸ்? யார் மேல் கோபம்?

காரணம் ஒரு சிறிய எண். 0.13. பூஜ்யம் புள்ளி ஒன்று மூன்று!

இது என்ன கணக்கு?

பஸ் தொழிலாளி சர்க்கார் பஸ்சைத்தான் ஓட்டுகிறார். ஆனால் அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்ல. 1972-ம் ஆண்டில் பஸ்கள் நாட்டுடைமை ஆனபோது, போக்குவரத்துக் கழகங்கள் கம்பெனிகளாகத்தான் ஏற்பட்டன. மதுரையில் தோன்றியது பாண்டியன் போக்குவரத்துக் கழகம். இன்றைக்கு விருதுநகர், சிவகாசி டிப்போக்கள் எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கம்பெனியில் சேர்ந்தவை.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குச் சம்பளம் சர்க்கார் உத்தரவில் வரும். கண்டக்டருக்கு அப்படி வராது. யூனியனும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசவேண்டும். பேசி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

12-வது ஒப்பந்தம் 2016 ஆகஸ்டு 31-ந் தேதியோடு முடிந்துவிட்டது. 13-வது ஒப்பந்தத்துக்குப் பேச்சு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 16 மாதம்!

இதற்கு நடுவில், 2017 அக்டோபரில் சர்க்கார் ஊழியர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது. பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கிப் புதுச் சம்பளம் போட்டார்கள். "எங்களுக்கும் அதே 2.57 வேண்டும்" என்றார்கள் பஸ் தொழிலாளர்கள். "2.44 தான் முடியும். கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன" என்றது சர்க்கார்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 0.13.

ஒரு டிரைவரின் பழைய அடிப்படைச் சம்பளம் 10 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2.44-ஆல் பெருக்கினால் 24,400 ரூபாய். 2.57-ஆல் பெருக்கினால் 25,700. வித்தியாசம் மாதம் 1,300 ரூபாய்.

'அடேயப்பா, சம்பளம் இரண்டரை மடங்கா!' என்று நினைத்துவிடாதீர்கள். அதுவரை தனியாக வந்த பஞ்சப்படியும் இதற்குள் அடங்கிவிடும். கையில் கூடுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் 1,300 ரூபாய் குறைந்தால், வீட்டில் கண்டிப்பாகத் தெரியும்.

மாதச் சம்பளத்தோடு போகிற விஷயமும் அல்ல. பஞ்சப்படி இந்த அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் ஏறும். ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கும் இதுதான் கணக்கு. ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம் வீதம் 30 வருட வேலைக்குப் பாருங்கள். அந்த 1,300 ரூபாயால் மட்டும் 22,500 ரூபாய் கூடும் அல்லது குறையும். மகள் கல்யாணத்தில் ஒரு செலவு அது.

கையெழுத்தும் ஆனது, வேலைநிறுத்தமும் வந்தது

ஜனவரி 4-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது! 2.44 தான். ஆளுங்கட்சியைச் சேர்ந்த அண்ணா தொழிற்சங்கப் பேரவையும் வேறு சில சங்கங்களும் கையெழுத்துப் போட்டன. தொ.மு.ச., சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. முதலிய சங்கங்கள் மறுத்து வெளியே வந்தன. அன்று மாலையே பஸ் நின்றது.

பிடிக்காதவர்கள் பேசாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். தொழில் அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தத்துக்கு '12(3) ஒப்பந்தம்' என்று பெயர். அப்போது அமலில் இருந்த 1947-ம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தில் அது 12-வது பிரிவு. அந்த ஒப்பந்தம், கையெழுத்துப் போட்ட சங்கத்தை மட்டும் கட்டாது. போடாத சங்கத்தையும் கட்டும். எந்தச் சங்கத்திலும் சேராதவரைக் கட்டும். நாளைக்கு வேலைக்கு வரப்போகிறவரையும் கட்டும்! யார் பேனா பிடித்தாலும், மை எல்லார் சட்டையிலும் படும்.

சட்டம் இன்னொன்றும் சொன்னது. பஸ் போன்ற பொதுமக்கள் சேவையில், முன்கூட்டி நோட்டீசு கொடுத்து, 14 நாள் கழிந்த பிறகே வேலைநிறுத்தம் செய்யவேண்டும். திடீர் என்று நிறுத்தினால் தவிப்பது யார்? டிக்கெட் வாங்கிய ஜனங்கள் அல்லவா? ஜனவரி 5-ம் தேதி சென்னை ஐகோர்ட்டு வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டது. தொழிலாளர்கள் திரும்பவில்லை. தற்காலிக டிரைவர்களை வைத்துச் சில பஸ்கள் ஓடின. அதில் ஏறுவதற்கு ஜனங்கள் பயந்தார்கள்.

மத்தியஸ்தர் வந்தார்

கடைசியில் கோர்ட்டே வழி கண்டது. ஜனவரி 11-ம் தேதி, ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி இ.பத்மநாபனை மத்தியஸ்தராகப் போட்டது. இப்போதைக்கு 2.44. மீதி 0.13 பற்றி அவர் விசாரிப்பார். அன்று இரவே வேலைநிறுத்தம் வாபஸ். 12-ம் தேதி காலை பஸ்கள் புறப்பட்டன. ஊருக்குப் போகிறவர்கள் பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

யாரும் ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. பிரயாணிகளுக்கோ உடனே ஒரு செலவு வந்தது. ஜனவரி 20-ம் தேதி பஸ் கட்டணம் ஏறியது. எதிர்ப்பு பலமானதும் மாதக் கடைசியில் கொஞ்சம் குறைத்தார்கள்.

பிறகு வந்த ஒப்பந்தங்கள்

14-வது ஒப்பந்தம் 2022 ஆகஸ்டு 24-ந் தேதி கையெழுத்தானது. 5 சதவீத உயர்வு. ஆனால் அது 2019 செப்டம்பர் 1-ம் தேதியே தொடங்கவேண்டிய ஒப்பந்தம்! 15-வது ஒப்பந்தம் 2025 மே 29-ந் தேதி வந்தது. 6 சதவீதம். அதற்கும் தொடக்கம் 2023 செப்டம்பர் 1-ம் தேதி. ஏறக்குறைய 21 மாதத் தாமதம்.

என்னைக் கேட்டால், சதவீதத்தை விட இந்தத் தாமதம்தான் பெரிய வியாதி. காலாவதி ஆகும் முன்பே பேசி முடித்தால், பாதிச் சண்டை இருக்காது. 1947-ம் வருடச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் எதுவானாலும் உட்கார்ந்து பேசவேண்டியவர்கள் இவர்கள்தான்.

இதை எல்லாம் பட்டாசுத் தொழிலாளியிடம் சொன்னால் என்ன சொல்வார்? அவர் கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. இத்தனை உருப்படி செய்தால் இத்தனை ரூபாய். மழை பெய்தால் வேலை இல்லை. பஸ் தொழிலாளிக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறையோ நான்கு வருடத்துக்கு ஒரு முறையோ, தாமதமாகவாவது, கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று இருக்கிறது. மருந்து அடைக்கும் அம்மாளில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது.

2021 மே 8-ம் தேதி முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாலையில் சிவகாசி பஸ் நிலையத்தில் அந்த அம்மாள் பஸ் ஏறுகிறார். கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அன்றைய கூலி அந்த அம்மாளின் முந்தானையில் முடிந்து இருக்கிறது.