பெட்ரோலில் உயர்ந்தது எது?

கார் வைத்திருப்போர் எல்லோருக்கும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு சிறு தர்ம சங்கடம் நேருகிறது. பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதும் ஊழியர், "சார், சாதாரணமா, பிரீமியமா?" என்று கேட்கிறார். பின்னால் நாலு வண்டிகள் காத்துக்கொண்டு நிற்கின்றன. 'சாதாரணம்' என்று சொல்ல ஏனோ சிறிது கூச்சமாயிருக்கிறது. 'பிரீமியம்' என்று சொல்லலாமென்றால் விலைப் பலகை கண்ணை உறுத்துகிறது. கறிகாய்க் கடையில் கால் ரூபாய்க்கு வாதாடுகிறவர்கள் கூட இந்த இடத்தில் நிதானம் இழந்து, "நல்லதாகவே போடப்பா!" என்று சொல்லிவிடுகிறார்கள்.

நல்லது எது? அரிசியிலும் காப்பிக் கொட்டையிலும் விலை உயர்ந்தது பெரும்பாலும் உயர்ந்த சரக்காகவே இருக்கும். பெட்ரோலுக்கும் அதே விதி பொருந்துமா? பொருந்தாது என்பதே நமது பதில். காரணத்தை அறிய, எஞ்சினுக்குள் சற்று எட்டிப் பார்க்கவேண்டும்.

சிலிண்டருக்குள் நடப்பது

சிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. இறங்கும்போது பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுக்கிறது. ஏறும்போது அந்தக் கலவையை அமுக்குகிறது. அமுங்கிய கலவையில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியை விட்டதும், அது பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இந்தத் தள்ளல்தான் கடைசியில் சக்கரத்தைச் சுற்றுகிறது.

கலவையை எவ்வளவு அதிகமாக அமுக்குகிறோமோ, அவ்வளவு அதிக வேலையை அதே பெட்ரோலிலிருந்து வாங்கலாம். 1908-ம் ஆண்டில் வெளிவந்த போர்டு கம்பெனியின் 'மாடல் டி' கார், கலவையைச் சுமார் நாலில் ஒரு பங்காகத்தான் சுருக்கியது. இன்றைய கார்கள் பத்தில் ஒரு பங்காகவும் அதற்கு மேலாகவும் சுருக்குகின்றன.

ஆனால், காற்றை அமுக்கினால் அது சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். பொறி விழுந்ததும் தீ ஓரிடத்தில் தொடங்கி ஒழுங்காகப் பரவவேண்டும். அது வந்து சேருமுன், மறு மூலையில் இருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்கமாட்டாமல் தானாகவே குபீரென்று வெடித்துவிடுவதும் உண்டு. அப்போது சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற ஓசை எழுகிறது. மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். பாரம் ஏற்றிக்கொண்டு மலைப் பாதையில் ஏறும்போது இது நன்றாகக் காதில் விழும். நீடித்தால் பிஸ்டனே பழுதாகிவிடும்.

எண்ணின் பொருள்

இந்த விபரீதத்துக்கு இடங்கொடாமல் ஒரு பெட்ரோல் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதைக் காட்டுவதே 'ஆக்டேன்' எண். அமெரிக்க ரசாயன விஞ்ஞானி கிரஹாம் எட்கர் என்பவர் 1926-ம் ஆண்டில் இந்த அளவுகோலை வகுத்தார். அவர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று, 'ஐசோ ஆக்டேன்'. எளிதில் தானாக வெடிக்காதது. அதற்கு 100 மார்க்குக் கொடுத்தார். மற்றொன்று, 'ஹெப்டேன்', தொட்டதற்கெல்லாம் வெடிப்பது. அதற்குப் பூஜ்யம். 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், முதல் திரவம் 91 பங்கும் இரண்டாவது 9 பங்கும் சேர்ந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ, சோதனை எஞ்சினில் அந்தப் பெட்ரோலும் அப்படி நடந்துகொள்ளும் என்று பொருள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ, "இங்கே சாதாரணப் பெட்ரோல் வெறும் 87 தான்" என்று சொன்னால் திகைக்கவேண்டாம். நம் நாட்டில் போடும் எண் ஒரு சோதனையின் முடிவு. அங்கே போடுவது இரு வேறு சோதனைகளின் சராசரி. அவர்களுடைய 87, ஏறக்குறைய நம்முடைய 91-க்குச் சமானம்.

ஆகவே, ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தை அளப்பதன்று. அதன் பொறுமையை அளப்பது. எத்தனால் என்னும் எரிசாராயத்தையே உதாரணமாகக் கொள்ளலாம். அதன் ஆக்டேன் எண் நூறுக்கும் மேல். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தியோ, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பொறுமையில் மிஞ்சுகிறது, பலத்தில் பின்தங்குகிறது. குறைந்த அமுக்கத்துக்கென்று செய்த எஞ்சினில் அதிகப் பொறுமையுள்ள பெட்ரோலை ஊற்றினால், அந்தப் பொறுமைக்கு அங்கே வேலையே இல்லை.

முதல் 'உயர்ரக'த்தின் கதை

உயர்ரகப் பெட்ரோல் என்ற பெயருக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. அது அவ்வளவு இனிமையான சரித்திரமன்று. நாக்கிங்கைத் தடுக்க மருந்து தேடிக்கொண்டிருந்த தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் டேட்டன் நகர ஆராய்ச்சிச் சாலையில், 1921-ம் ஆண்டு டிசம்பரில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது ஈயம் கலந்த ஒரு ரசாயனத் திரவம். மிகச் சொற்ப அளவு சேர்த்தாலே நாக்கிங் அடங்கிவிட்டது. 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு இட்ட பெயர் 'எதில்'. ஈயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. 'எதில்' கலந்த பெட்ரோல், சாதாரணத்தைவிட உயர்ந்தது என்று சொல்லி, அதிக விலைக்கு விற்கப்பட்டது.

ஈயம் விஷம் என்பது மிகப் பழைய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். 1924 அக்டோபரில் நியூஜெர்ஸி ராஜ்யத்திலுள்ள பேவே என்னுமிடத்தில் இத்திரவத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் விஷமேறி மாண்டனர். அம்மாதமே மிட்ஜ்லி பத்திரிகை நிருபர்கள் முன்னிலையில் தம் கைகளை அத்திரவத்தில் கழுவிக் காட்டி, பயமில்லை என்றார்! மறு வருஷம் அமெரிக்க சர்க்கார் கூட்டிய மகாநாட்டில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் இதை எதிர்த்துப் பேசினார். இடையில் நின்றிருந்த விற்பனை 1926-ல் மறுபடி தொடங்கியது. எரிசாராயமும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது மிட்ஜ்லிக்கே தெரியும். ஆனால் ஈயம் மலிவு. சொற்ப அளவே போதும். அதற்குப் பேடண்ட் உரிமையும் உண்டு.

அந்த ஈயம் உலகமெங்கும் வண்டிப் புகையில் கலந்து, தெருவில் விளையாடிய குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது என்பது பின்னர் ஐயமற நிலைநாட்டப்பட்டது. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு 1996-ல் ஈயப் பெட்ரோல் தடுக்கப்பட்டது. நம் தேசம் முழுவதும் 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. கடைசியாக அதைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021.

இன்று எந்தப் பங்கிலும் அந்த விஷம் இல்லை. ஆயினும் ஒரு பாடம் எஞ்சி நிற்கிறது. சரக்கின் பெயரைச் சூட்டுகிறவர் விற்பவர். உள்ளே இருப்பது என்ன, அது யாருக்கு வேண்டும் என்று கேட்க வேண்டியவர் வாங்குபவர்.

நம் நாட்டு நிலைமை

நம் நாட்டுச் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் முன்பு 88 ஆக இருந்தது. பின்னர் அது 91 ஆயிற்று. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பிறகு 95 ஆகியிருப்பதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. நூறு வருஷங்களுக்கு முன் ஒதுக்கப்பட்ட எரிசாராயம் இவ்விதம் திரும்பி வந்திருப்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். இதற்கும் ஒரு விலை உண்டு. எத்தனாலுக்கென்று அமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் நூற்றுக்கு 6, 7 வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அதிக ஆக்டேனுள்ள பெட்ரோல் வாங்குவது இதற்குப் பரிகாரமாகாது. அந்த எண், எத்தனால் எவ்வளவு என்பதைச் சொல்வதே இல்லை.

இதற்கும் மேலே போய், 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்டது. இத்தகைய பெட்ரோல் யாருக்கு வேண்டும்? மிக அதிகமாக அமுக்கும் எஞ்சின்களுக்கும், டர்போ பொருத்திய எஞ்சின்கள் சிலவற்றுக்கும், பந்தய ரக மோட்டார் சைக்கிள்களுக்கும் வேண்டும். அவற்றுக்குக் குறைந்த ஆக்டேன் ஊற்றுவது சிக்கனமன்று. நாக்கிங்கை உணரும் கருவி இக்காலத்து வண்டிகளில் உண்டு. அது பொறி விடும் நேரத்தைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றும். அப்போது வேகமும் மைலேஜும் குறையும்.

உயர்ரகப் பெட்ரோலில் கசடு நீக்கும் மருந்தும் சேர்த்திருக்கிறோம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். இம்மருந்து பயனுள்ளதுதான். ஆனால் ஆக்டேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் 1995 முதல் சாதாரணப் பெட்ரோலிலும் இதை ஓரளவு சேர்த்தே தீரவேண்டுமென்று சட்டம் இருக்கிறது.

அப்படியிருந்தும் அங்கே ஜனங்கள் மயங்காமல் இல்லை. சாதாரணப் பெட்ரோலே போதுமான கார்களுக்கு உயர்ரகத்தை ஊற்றி, ஒரே வருஷத்தில் 1 கோடியே 65 லட்சம் பேர் 210 கோடி டாலருக்கு மேல் விரயம் செய்தார்கள் என்று அந்நாட்டு மோட்டார்க்காரர் சங்கமான 'ஏ.ஏ.ஏ.' 2016-ல் கணக்கிட்டது. அத்தகைய கார்களை அச்சங்கம் சோதித்ததில், உயர்ரகத்தால் குறிப்பிடத்தக்க லாபம் எதுவும் காணப்படவில்லை.

செய்ய வேண்டியது

காருடன் வந்த கைப்புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் படியுங்கள். பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். குறைந்தபட்ச ஆக்டேன் எண் அங்கே இருக்கும். அது 91 அல்லது 95 என்றால் சாதாரணமே போதும். அதற்கு மேல் 'அவசியம்' என்றிருந்தால், தயங்காமல் உயர்ரகம் வாங்குங்கள். 'சிபாரிசு' என்று மட்டும் இருந்தால், நீங்களே பரீட்சை செய்து பார்க்கலாம்.

பரீட்சை எளிது. டாங்கியை நிரப்பி, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, வழக்கம் போல் ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். இவ்விதம் மூன்று டாங்கி சாதாரணம், மூன்று டாங்கி உயர்ரகம். விலை நூற்றுக்குப் பத்து அதிகமானால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி பதினாறரையாவது ஓடவேண்டும். ஓடவில்லையானால் எஞ்சின் தன் பதிலைச் சொல்லிவிட்டது.

சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங் சப்தம் கேட்டால், உடனே உயர்ரகத்துக்குத் தாவாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உள்ளே கரி படிந்திருக்கலாம்; எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறலாம். நோயை விட்டுவிட்டு ஓசையை மட்டும் அடக்குவது வைத்தியமன்று.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் அதே வண்டிக்கு வருஷத்தில் 800 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு ஒரு ரூபாய் அதிகமானால் வருஷத்துக்கு 800 ரூபாய். பத்து ரூபாய் அதிகமானால் 8,000 ரூபாய். குழந்தைகளின் புஸ்தகத்துக்கும், ஒரு பண்டிகைத் துணிக்கும், எஞ்சின் ஆயிலை வேளை தவறாமல் மாற்றுவதற்கும் அது உதவும். டயருக்குச் சரியான அளவு காற்றுப் பிடியுங்கள். காற்று வடிகட்டியைச் சுத்தமாக வையுங்கள். பெரும்பாலான கார்களுக்கு, விலை உயர்ந்த பெட்ரோல் செய்யாத உபகாரத்தை இவை செய்யும்.