இல்லாத நாட்டுக்கு ஒரு தேசப்படம்

பூகோள வகுப்பில் தேசப்படம் வரையச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள்கூட, 'உன் மனத்தில் ஒரு நாட்டைக் கற்பனை செய்து அதற்குப் படம் போடு' என்றால் உற்சாகமாக உட்கார்ந்து விடுகிறார்கள். இது புதிய பழக்கமன்று. ஆர். கே. நாராயண் தம் நாவல்களுக்காக மால்குடி என்றொரு ஊரைப் படைத்தார். சரயு ஆறும் மெம்பி மலையும் ஒரு ரயில் நிலையமும் உள்ள அந்த ஊர் இந்தியாவில் எங்குமே இல்லை. ஆனாலும் ஜேம்ஸ் ஃபென்னலி என்ற அமெரிக்கப் பேராசிரியர், கதைகளில் கிடைத்த குறிப்புகளைக் கொண்டே அதற்கு ஒரு படம் தயாரித்துவிட்டார்! இல்லாத ஊராக இருந்தாலும் அதன் தெருக்களும் ஆறும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தால்தான் இது முடியும் அல்லவா?

சென்ற கோடை விடுமுறையில் எம்.ரெட்டியபட்டியில் உள்ள என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த அக்கா மகன் கணிப்பொறியில் தான் வரைந்த நாட்டைக் காட்டினான். பனி மூடிய சிகரம், அதன் காலடியில் பாலைவனம், இரு புறமும் அடர்ந்த காடு, நடுவே ஒரு கோட்டை. அந்த நாட்டின் பேராறு மலையில் பிறந்து, வழியில் மூன்றாகப் பிரிந்து, மூன்று திசைகளிலும் கடலில் விழுந்தது. படம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பௌதிக ஆசிரியனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, ஆறு இப்படிப் பிரியாது. ஓடைகள் கூடி ஆறாகும். ஆறுகள் கூடிப் பேராறாகும். தண்ணீருக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளம் ஒன்றுதான்" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் மாலை என்னை ஊரை அடுத்த ஒரு கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனான். கண்மாய் வறண்டு கிடந்தது. கரையின் மறுபுறம் மடையிலிருந்து கிளம்பிய வாய்க்கால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, வயல்களுக்குள் போய் மறைந்தது.

"மாமா, தண்ணி பிரியாதுன்னு சொன்னீங்களே?"

நான் சற்றுத் திகைத்துத்தான் போனேன். நான் சொன்னது தானாக ஓடும் நீருக்குத்தான் பொருந்தும். அது தாழ்ந்த இடத்தைத் தேடுவதால் ஒன்று சேர்ந்துகொண்டே போகிறது. மனிதன் வெட்டும் வாய்க்காலோ சுற்றியுள்ள வயல்களைவிடச் சற்று மேடான இடத்தில் போகும்படி அமைக்கப்படுகிறது. அப்போதுதான் இரு பக்கமும் நீர் பாயும். ஆகவே அது பிரிந்துகொண்டே போகிறது. இயற்கையிலும் ஒரு விலக்கு உண்டு. கடலை நெருங்கும் ஆறு தான் சுமந்து வந்த வண்டலைத் தன் வழியிலேயே கொட்டி மேடாக்கிக்கொண்டு, பக்கத்தில் புது வழி தேடும். முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரியவிட்டு, அதன்பின் பல கிளைகளாகும் காவிரி இதற்கு நல்ல உதாரணம். உங்கள் படத்தில் ஆறு பிரிகிறதா? அது கழிமுகமா, அல்லது ஆள் வைத்து வெட்டிய கால்வாயா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றிரவு இருவரும் அந்தப் பகுதியின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்த்தோம். நீங்களும் ஒரு முறை பாருங்கள். கற்பனை நாடு வரைய இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் முழுவதும் பிறைநிலாக்களை இறைத்தது போலக் கண்மாய்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் வளைந்த கரை ஒரு பக்கம்தான் இருக்கிறது. மறுபக்கம் திறந்தே கிடக்கிறது. ஏன்?

அருப்புக்கோட்டை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென்கிழக்கே கடலோ சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர்கூட இறக்கம் இல்லை! இத்தகைய சமவெளியில் பெரிய அணை கட்டப் பள்ளத்தாக்கு ஏது? ஆனால் தாழ்ந்த பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக ஒரு மண் கரை எழுப்பினால் போதும், நீர் பின்னோக்கி வெகுதூரம் பரந்து நிற்கும். நிரம்பி வழியும் நீர் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகிறது. ஆகவே கண்மாய்க் கரைகளைப் பார்த்தே நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்லிவிடலாம். திருச்சுழி வழியாகத் தென்கிழக்கே ஓடிக் கமுதியைத் தொட்டுக் கடலை நோக்கிப் போகும் குண்டாறும் அதையே சொல்கிறது.

இனி அவன் வரைந்த காடுகளைப் பார்ப்போம். மலையின் இரு புறமும் அடர்ந்த காடா? ஈரக்காற்று மலைமீது ஏறும்போது விரிந்து குளிர்கிறது. நீராவி மழையாகி ஏறுகிற பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகி, வறண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையில் பெரும் பங்கைக் கேரளப் பக்கமே நிறுத்திவிடுவதால்தான், இந்தக் கரிசல் பூமி ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருக்கிறது. உங்கள் நாட்டில் முதலில் காற்று வீசும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். காட்டையும் வறண்ட நிலத்தையும் பிறகு அதுவே காட்டிக் கொடுக்கும்.

வரைவதற்குக் கிரீட்டா, கிம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். இவற்றின் சிறப்பு 'அடுக்கு' என்ற வசதி. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல எண்ணிக்கொள்ளுங்கள். கடற்கரை ஒரு தாளில், மேடுபள்ளம் ஒரு தாளில், நீர் ஒன்றில், ஊர்களும் பெயர்களும் மேலே தனித்தனியாக. ஆற்றை அழித்தால் மலை அழியாது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வரைந்துவிட்டுப் பிறகு தவிப்பார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் தவித்தேன். மலைகளுக்கு நிழல் தீட்டும்போது வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது வடமேற்குத் திசை. நம் நாட்டில் சூரியன் பெரும்பாலும் அங்கிருந்து அடிப்பதில்லை! ஆனாலும் படத்தின் கீழிருந்து வெளிச்சம் வந்தால் நம் கண் ஏமாந்து மலையைப் பள்ளமாகக் காணும்.

அளவு மிக முக்கியம். படத்தாளை 3000 புள்ளி அகலம், 2000 புள்ளி உயரம் என்று எடுத்து, ஒரு புள்ளிக்கு 100 மீட்டர் என வைத்தால், உங்கள் நாடு 300 கிலோமீட்டருக்கு 200 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள கண்மாய் 10 புள்ளிதான். 100 மீட்டர் அகல ஆறு ஒரே புள்ளி, கண்ணுக்கே தெரியாது. எனவே ஆற்றைப் பெரிதாக்கித்தான் வரைய வேண்டும். அச்சிட்ட தேசப்படங்களிலும் இந்தப் 'பொய்' உண்டு. நாளுக்கு 30 கிலோமீட்டர் நடப்பவன் இந்த நாட்டைக் குறுக்கே கடக்கப் பத்து நாள் ஆகும். மருமகனின் கதாநாயகன் ஒரே பகலில் நடந்து கடந்திருந்தான்!

கோட்டையும் பனிச்சிகரமும் போய், அடுத்த படத்தில் கண்மாய்கள் வந்தன. ஒரு கண்மாய், நாங்கள் நின்று பார்த்த அதே கண்மாயின் வடிவில் இருந்தது. அதற்கு நீலம் தீட்டப் போனவன் நிறுத்திக்கொண்டான். "இதுக்கு எங்கேயிருந்து தண்ணி வரும், மாமா?" செயற்கைக்கோள் படத்தில் அதன் வரத்துக்காலைத் தேடினோம். கொஞ்ச தூரம் ஒரு கோடு தெரிந்தது. பிறகு சீமைக் கருவேலங் காட்டுக்குள் மறைந்துவிட்டது. காலையில் நடந்தே போய்ப் பார்த்தோம். வாய்க்கால் இருந்த இடம் தூர்ந்து, முள்ளுக்கும் தரைக்கும் வித்தியாசமின்றிக் கிடந்தது.

இந்திய சர்வே துறையின் நிலப்படங்களில் நீர் உள்ள ஆற்றுக்கு நீல நிறமும், வறண்ட ஆற்றுக்குக் கறுப்பும் இடுவார்கள் என்று அவனிடம் சொன்னேன். அப்படியானால் படத்துக்கு மாதம் வேண்டாமா என்று கேட்டான். நல்ல கேள்வி! நீர் அடுக்கை இரண்டாக்கினான். ஒன்று மார்கழி, ஒன்று வைகாசி. ஒன்றை மறைத்து மற்றதைத் திறந்தால் நாடு முழுவதும் கண்மாய்கள் நிரம்புகின்றன, திருப்பினால் வற்றுகின்றன. அந்த ஒரு கண்மாயை மட்டும் இரண்டிலும் கறுப்பாகவே விட்டிருக்கிறான். "வரத்துக்கால வெட்டினதும் மாத்திக்கலாம், மாமா" என்கிறான்.

இன்னும் ஒன்று. ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் 1881-இல் மழைக்கால விடுமுறை ஒன்றில் விளையாட்டாக ஒரு தீவின் படத்தை வண்ணத்தில் தீட்டினார். அதிலிருந்தே 'புதையல் தீவு' கதை பிறந்தது. ஆனால் பதிப்பகத்துக்கு அனுப்பிய படம் அங்கே போய்ச் சேரவே இல்லை! எழுதிய கதையைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அதற்கு ஒத்துவரும்படி இன்னொரு படத்தை அவர் தயாரிக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது படம் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. உங்கள் கோப்பை அடுக்குகள் கலையாமல் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.