பிரானூர் மாஸ்டருக்கு எத்தனை புள்ளி?

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் சாலையில் பிரானூர் பார்டர் இருக்கிறது. 1956 நவம்பரில் செங்கோட்டை தமிழகத்தோடு சேரும்வரை அங்கே நிஜமாகவே ஓர் எல்லை இருந்தது. இன்று பெயர் மட்டும் மிச்சம். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வரும் கூட்டம் அங்குள்ள புரோட்டாக் கடைகளை மொய்க்கும். கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசி, சுருட்டி, தட்டிப் போடும் மாஸ்டரின் வேகத்தைப் பார்த்த எவருக்கும் அதைத் திறன் இல்லாத வேலை என்று சொல்ல மனம் வராது.

அந்த மாஸ்டர் வெளிநாடு போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனின் திறன் பணியாளர் விசாப் பட்டியலில் சமையல் கலைஞர் என்ற தொழில் 2025 ஜூலை வரை இருந்தது. ஜூலை 22 அன்று, பட்டப்படிப்பு நிலைக்குக் கீழே உள்ள பெரும்பாலான வேலைகளோடு அதுவும் நீக்கப்பட்டது. சிங்கப்பூரோ இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. அங்குள்ள இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்கலாம் என்று 2023 செப்டம்பரில் வழி திறந்தது. மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. ஆனால் அந்த அனுமதியில் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள முடியாது, நிரந்தரமாகத் தங்கவும் வழி கிடையாது. கனடா சமையல் வேலையைத் திறன் பணியாகவே கணக்கில் எடுக்கிறது. அங்கே மாஸ்டரை மறிப்பது ஆங்கிலத் தேர்வு. ஐயெல்ட்ஸில் நான்கு பிரிவிலும் 6 வாங்கினால்தான் கூட்டாட்சித் திறன் பணியாளர் திட்டத்துக்குள் காலெடுத்து வைக்கலாம்.

குடியேற்ற விதிகள் பேசும் ‘தகுதி’யைப் பரீட்சை மார்க் போல நினைப்பதால்தான் பல குடும்பங்கள் மனம் உடைகின்றன. அந்த நாட்டில் அந்த ஆண்டு எந்த வேலைக்கு ஆள் குறைகிறது, எந்த வயதுக்காரர் வந்தால் வரிப்பணம் நீண்ட நாள் வரும், யாரை உள்ளே விட்டால் அங்குள்ள வாக்காளர் முணுமுணுக்க மாட்டார் என்பதையெல்லாம் புள்ளிகளாக்கிக் கூட்டிக் கழித்துப் போடும் கணக்கு அது. கணக்கு மாறும்போது நேற்றைய தகுதி இன்று செல்லாது. விண்ணப்பித்தவரின் கைத்திறனுக்கு அதனால் எந்தக் குறைவும் இல்லை.

தென்காசி மாவட்டத்துக்குக் கணக்கு மாறும் இந்த அனுபவம் புதிதல்ல. கடையநல்லூரின் முஸ்லிம் நெசவாளர் குடும்பங்களும் தென்காசியைச் சேர்ந்தவர்களும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய காலத்தில் பட்டம் கேட்டவர் இல்லை, புள்ளி கேட்டவரும் இல்லை. ஏற்கெனவே அங்கிருந்த உறவினரின் முகவரிதான் தகுதி. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலிருந்து ஆண்கள் தனியாகப் போய்வந்துகொண்டிருந்தபோது, கடையநல்லூர்க்காரர்கள் குடும்பத்தோடு போய்க் குடியமர்ந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் ஆண்கள் துறைமுக வேலை பார்த்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. போர் முடிந்த கையோடு 1946-ல் அந்த அமைப்பு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளி பின்னாளில் மூடப்பட்டாலும், சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு நடத்தும் தமிழ்மொழி நிலையம் இன்றும் அந்தப் புலவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. படித்தவர் என்று எந்தச் சான்றிதழும் காட்டாமல் கரையிறங்கிய ஒரு சமூகம் அயல்மண்ணில் பள்ளிக்கூடம் கட்டியது என்பதை, இன்று புள்ளிகளை எண்ணுகிற அதிகாரிகள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அந்த வாசல் 1953 ஆகஸ்ட் 1 அன்று சுருங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியின் புதிய குடியேற்றச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்குப் பயன்படக்கூடிய தொழில் உள்ளவர்களும் ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்களின் நெருங்கிய குடும்பத்தினரும்தான் இனி வரலாம் என்றானது.

புள்ளி போடும் முறையை 1967-ல் கனடா கொண்டுவந்தது. 1962 வரை அங்கே எந்த இனம், எந்த நாடு என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. படிப்பு, வயது, மொழி, தொழில் ஆகியவற்றுக்கு எண் கொடுத்தபோது, இனப்பாகுபாட்டின் மிச்சமும் விதிகளிலிருந்து போனது. அந்த வகையில் புள்ளிமுறை நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நீதியைச் செய்திருக்கிறது. பிறகு ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் வெவ்வேறு வடிவில் அதை எடுத்துக்கொண்டன. சிங்கப்பூர் 2023 செப்டம்பரில் உயர்நிலை வேலைகளுக்கு ‘காம்பஸ்’ என்ற முறையைப் புகுத்தியது. ஜெர்மனி 2024 ஜூனில் ‘வாய்ப்பு அட்டை’ வழங்கத் தொடங்கியது. வேலை கைவசம் இல்லாமலே போய் அங்கே வேலை தேடலாம். அதற்கு 6 புள்ளி வேண்டும், செலவுக்குப் பணமும் காட்ட வேண்டும்.

காம்பஸில் தேற 40 புள்ளி போதும். அடிப்படைப் பிரிவுகள் நான்கு. அவற்றில் சம்பளம், படிப்பு ஆகிய இரண்டும் விண்ணப்பிப்பவரைப் பொறுத்தவை. மற்ற இரண்டு நிறுவனத்தைப் பொறுத்தவை: உள்ளூர்க்காரர்களுக்கு அது எவ்வளவு வேலை தந்திருக்கிறது, விண்ணப்பிப்பவரின் நாட்டைச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பவை. நிறுவனத்தின் உயர்நிலை ஊழியர்களில் கால்பங்கோ அதற்கு மேலோ இந்தியர்களாக இருந்தால், புதிதாக வரும் இந்தியருக்கு அந்தப் பிரிவில் பூஜ்யம்தான். அதே ஆள், அதே படிப்போடு இந்தியர் குறைவாக உள்ள இன்னொரு நிறுவனத்தில் விண்ணப்பித்தால் 20 கிடைக்கும். நம்மூர்க்காரர்கள் நிறைய இருக்கும் இடமே பாதுகாப்பு என்று தேடிப்போகும் இளைஞர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

குற்றாலத்துக்கு அருகே உள்ள மத்தளம்பாறைக்கு வந்தால் இந்தக் கணக்கின் இன்னொரு முகம் தெரியும். சோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்று, குவால்காமில் பொறியாளராக வேலை பார்த்தவர். 1996-ல் சிலரோடு சேர்ந்து அட்வென்ட்நெட் நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் பிறகு சோஹோ ஆனது. திறன் பணியாளர், தொழில்முனைவோர் என்ற இரண்டு அடையாளங்களையும் அமெரிக்காவில் பெற்ற அவர், 2019-ல் மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவரது நிறுவனம் நடத்தும் சோஹோ பள்ளி தென்காசியிலும் இயங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல், உதவித்தொகையும் கொடுத்து, மென்பொருள் வேலை கற்றுத் தருகிறார்கள். கல்லூரிப் பட்டம் மட்டும் கிடையாது. உள்ளே வேலை பார்க்க அது குறையே அல்ல. அப்படிக் கற்றவர்கள் உலகமெங்கும் விற்கும் மென்பொருளை எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர் வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? காம்பஸில் படிப்புக்குப் பூஜ்யம். மற்ற பிரிவுகளை வைத்து 40-ஐ எட்டப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் எச்1பி விசா பட்டம் கேட்கிறது, ஆனால் கல்லூரியில் விட்டுப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்றாண்டு துறை அனுபவத்தை ஈடாக ஏற்கும். நான்காண்டுப் பட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு என்று அர்த்தம். பிரிட்டன் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை. வேலை பட்டதாரி நிலையில் இருக்க வேண்டும், ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுண்டைத் தொட வேண்டும், ஆங்கிலம் பி2 நிலையில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கணினித் துறையினரின் தகுதியை மதிப்பிடும் அமைப்பு, பட்டம் இல்லாதவர்கள் தங்கள் வேலையை விவரித்து எழுதி நிரூபிக்கத் தனி வழி வைத்திருக்கிறது. ஆகவே பட்டம் இல்லை என்பதற்காக எல்லாக் கதவும் மூடிக்கிடப்பதாக எண்ண வேண்டியதில்லை. எந்த நாடு என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்1பி விசா ஆண்டுக்கு 65,000 பேருக்குத்தான். அங்கேயே முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அதையும் தாண்டிப் போனாலும், வேலை வழிக் கிரீன் கார்டுகளில் எந்த நாட்டுக்கும் சுமார் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பால் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. இன்று இளங்கலை முடிக்கும் பிள்ளைக்கு அமெரிக்கா மட்டுமே இலக்கு என்று பெற்றோர் சொல்லிக்கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நியாயமல்ல.

தென்காசியிலோ ஆலங்குளத்திலோ உட்கார்ந்தபடியே கூட்டிக்கொள்ளக்கூடிய புள்ளி மொழிக்கானது. ஆஸ்திரேலியாவில் ஐயெல்ட்ஸ் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10 புள்ளி, 8 எடுத்தால் 20. எட்டாண்டு வெளிநாட்டு அனுபவத்துக்கே அங்கே 15 புள்ளிதான்! கனடாவில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி அழைப்பு உண்டு. பொது அழைப்புகளுக்கான புள்ளி 500-ஐத் தாண்டி நிற்கையில், பிரெஞ்சு அழைப்பு ஒன்று 2025 மார்ச்சில் 379 வரை இறங்கியது. பிளஸ் டூவில் மார்க் வரும் என்பதற்காகப் பிரெஞ்சை எடுத்துவிட்டுப் பரீட்சையோடு மறந்துவிடும் மாணவர்கள், கையில் வந்ததைக் கீழே போட்டுவிட்டுப் போகிறார்கள். ஜெர்மனியின் வாய்ப்பு அட்டையில் ஜெர்மன் பி2 வரை படித்தால் 3 புள்ளி, 35 வயதுக்குள் இருந்தால் 2. இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியும் அங்கே அடிப்படைத் தகுதியாகலாம் என்பதால், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வயதுக்கோ காத்திருக்கத் தெரியாது. கனடாவின் தரவரிசையில் 20 முதல் 29 வரை முழுப் புள்ளி. 30-லிருந்து ஆண்டுதோறும் குறைந்து 45-ல் பூஜ்யம். தங்கை கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று நம் வீடுகளில் தள்ளிப்போடும் ஆண்டுகள் ஒவ்வொன்றும் அங்கே கழிக்கப்படுகின்றன.

முதலாளியாகப் போவது எளிது என்று ஓர் எண்ணம் ஊரில் இருக்கிறது. பணம் இருந்தால் போதுமே என்பார்கள். அமெரிக்காவின் ஈபி-5 திட்டத்துக்குக் குறைந்தது 8 லட்சம் டாலர் முதலீடும் பத்துப் பேருக்கு வேலையும் வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் வெளியே அனுப்பலாம். சிறு தொழில் செய்யப் பல நாட்டவர் பயன்படுத்தும் ஈ-2 விசா இந்தியர்களுக்கு இல்லை. அதற்கான ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இடையே கிடையாது. பிரிட்டனில் 2023 ஏப்ரலில் வந்த இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவில் முதலீட்டுத் தொகை நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, தொழில் புதியது, நடக்கக்கூடியது, பெரிதாக வளரக்கூடியது என்று அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று ஒப்புதல் தர வேண்டும். தொழில்முனைவோர் அனுமதியான ஆன்ட்ரபாஸ், காபிக் கடை, உணவங்காடி போன்ற தொழில்களுக்குக் கிடைக்காது என்று சிங்கப்பூர் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பிரானூரில் கடை நடத்தி நல்ல பெயர் எடுத்தவர் சிங்கப்பூரில் தொழில்முனைவோர் ஆக இந்த வாசல் உதவாது.

தகுதி இருந்தும் தோற்பவர்கள் பலர் காகிதத்தில்தான் தோற்கிறார்கள். கடையில் பத்து வருடம் நின்றவருக்குச் சம்பளம் கையில் கொடுக்கப்பட்டிருக்கும்; வங்கிக் கணக்கில் ஒரு வரி இருக்காது, பி.எஃப். இருக்காது. அனுபவச் சான்றிதழில் வேலையின் பெயர், செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், தேதிகள் எல்லாம் வேண்டும். “நல்லவர், நேர்மையானவர்” என்று முதலாளி எழுதித் தரும் இரண்டு வரி உதவாது. இனிஷியல் இன்னொரு தொல்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரே எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக இருந்தால் மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கவே மாதங்கள் ஓடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரும்போதே பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். அந்தப் பத்தாம் வகுப்புக்கே தனி மதிப்பும் உண்டு: அதைத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும்.

தகுதி கிடைக்காதவர்களின் ஏக்கத்தை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022-ல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். ஏஜெண்டிடம் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அவரது பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது. பதிவு பெற்ற ஏஜெண்டு சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. செவிலியர் முதல் தொழில்நுட்பப் பணியாளர் வரை பல பணிகளுக்கு அதுவே ஆள் எடுத்து அனுப்புகிறது. லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டைப் பார்க்கக் கிளம்பும் குடும்பம், முதலில் அந்த நிறுவனத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் கிளம்பலாம்.