கம்ப்யூட்டர் பாடல்களை ஸ்டீரியோவில் நன்றாகக் கேட்க...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, அதில் பாடல்களைச் சேர்த்து வைப்பது. பிறகு வீட்டில் உள்ள ஸ்டீரியோ செட்டுடன் இணைத்துக் கேட்கிறார்கள். ஏனோ பாட்டு சப்பென்று இருக்கிறது. உடனே புது ஸ்பீக்கர் விலையை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். குறை ஸ்பீக்கரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். பள்ளியில் படித்தபோது, அப்பா ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பாட்டு சிடிக்களை எம்பி3 பைல்களாக மாற்றினேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் குறைவு என்பதால் 128 கேபிபிஎஸ் என்ற அளவைத் தேர்ந்தெடுத்தேன். "எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது" என்று நான் சொன்னதை நம்பி, அம்மா சிடிக்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். சென்ற ஆண்டு அப்பா ஓய்வு பெற்றபோது, நல்ல ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பாட்டைக் கேட்டவர், "ஜால்ரா சத்தம் சலசலன்னு கேக்குதேப்பா" என்றார். ஆம்ப்ளிபயர் மீது குறை இல்லை. தவறு என்னுடையது.

பைலில் என்ன இருக்கிறது?

ஆடியோ சிடியில் ஒலியானது விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்களில் பதிவாகிறது. இடது, வலது என இரண்டு சேனல்கள். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் வரும். இதைத்தான் சுருக்கமாக கேபிபிஎஸ் என்கிறோம். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றும்போது, இதில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. 53 எம்பி இருந்த ஐந்து நிமிடப் பாட்டு, ஏறத்தாழ 5 எம்பி ஆகிவிடும்.

மீதி எங்கே போயிற்று? ஓங்கிய ஓசை ஒன்று கேட்கும்போது, அதையொட்டி வரும் மெல்லிய ஒலிகளை நம் காது பிடிப்பதில்லை. அவற்றைத்தான் எம்பி3 கழித்துக் கட்டுகிறது. 256 அல்லது 320 கேபிபிஎஸ் அளவில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். 128-ல் கழிவு அதிகமாகி, காதுக்குக் கேட்பவையும் சேர்ந்து போய்விடுகின்றன. ஜால்ரா, கைதட்டல் போன்ற ஒலிகளில் இது முதலில் தெரியும்.

உங்கள் பைலின் அளவை அறிய, அதன் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லவும். டீடெய்ல்ஸ் என்ற டேபில் பிட் ரேட் காட்டப்படும்.

ஒரு எச்சரிக்கை. 128 பைலை 320 ஆக மாற்றித் தரும் புரோகிராம்கள் உண்டு. மங்கலான ஜெராக்ஸைப் பெரிய தாளில் மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போன்றது இது. பைல் பெரிதாகும், போன ஒலி திரும்பாது.

என்ன செய்யலாம்?

ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் பார்மட் எப்.எல்.ஏ.சி. 2001-ல் வெளிவந்த இது இலவசமானது. சிடியின் அளவில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். விண்டோஸ் 11-ல் உள்ள மீடியா பிளேயரில், சிடியைக் காப்பி செய்யும் முன் ரிப் செட்டிங்ஸ் சென்று இந்த பார்மட்டைத் தேர்ந்தெடுக்கலாம். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையென்றால், யுஎஸ்பி-யில் இணைக்கும் டிரைவ் கிடைக்கிறது.

இணைப்பும் செட்டிங்கும்:

1. ஹெட்போன் சாக்கெட் அல்லது டெஸ்க்டாப்பின் பச்சை நிற சாக்கெட்டிலிருந்து வரும் வயரை, ஸ்டீரியோவின் ஆக்ஸ் அல்லது லைன் இன் துளையில் செருகவும். போனோ என்ற துளை இசைத்தட்டு பிளேயருக்கானது; அதில் செருகினால் ஒலி சிதையும்.

2. ஆம்ப்ளிபயர் வால்யூமை முதலில் குறைக்கவும். பிறகு கம்ப்யூட்டர் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்து, வேண்டிய அளவை ஆம்ப்ளிபயரில் கூட்டவும்.

3. செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் சென்று உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் வசதியை ஆப் செய்து கேட்டுப் பாருங்கள்.

4. "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் இணைப்பில்தான் சிக்கல். இரண்டையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் இணைத்துப் பாருங்கள். அல்லது கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் வாங்கி இடையில் போடலாம். எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு.

செலவில்லாத வழி:

ஸ்பீக்கர்களை ஷோகேஸுக்குள் அடைக்காதீர்கள். மூலையில் வைத்தால் பேஸ் மட்டும் தும் தும் என்று முழங்கும். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, காது உயரத்தில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைவது நல்லது. சிவப்பு, கறுப்பு வயர்கள் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே மாதிரி மாட்டப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஹெட்போன் சாக்கெட்டில் இரைச்சல் கேட்டால், அப்போது யுஎஸ்பி டிஏசி என்ற சிறு கருவியை வாங்குவது பற்றி யோசிக்கலாம். கம்ப்யூட்டரின் எண்களை ஒலியாக மாற்றும் வேலையை அது வெளியில் வைத்துச் செய்கிறது.

சித்தப்பா வீட்டுப் பரணில், அப்பாவிடம் இருந்த அதே சிடிக்களில் நான்கு கிடைத்தன. அவற்றை எப்.எல்.ஏ.சி. ஆகக் காப்பி செய்து போட்டுக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவும் இல்லை. மற்ற சிடிக்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியில் சிடிக்கள் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.