தடிக்கும் பீரங்கிக்கும் நடுவே

புனே நகரை ஒட்டியுள்ள கட்கியில் நாலு நாட்கள் தங்குகிறவருக்கு, அந்த ஊர் ஒரு பெரிய பாசறையே என்ற எண்ணம் உண்டாவது சகஜம். 1869-இல் ஸ்தாபிக்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையும், பம்பாய் ஸாப்பர்ஸ் படையின் தலைமை நிலையமும், கன்டோன்மென்டின் நெடிய மதில்களும் அவ்வெண்ணத்தையே உறுதிப்படுத்தும். ஆயினும் அங்குள்ள பஜாரில் இரண்டு வண்டிக்காரர்கள் கைகலந்தால், விலக்கிவிட வருகிறவர் தடி ஏந்திய போலீஸ்காரரே தவிர, மதிலுக்கு அப்பால் இருக்கும் சிப்பாய் அல்ல. அண்டை அயலார் சண்டைக்குத் தடி போதும். அந்நியப் படையெடுப்புக்குப் பீரங்கி வேண்டும். இரண்டுக்கும் நடுவே, தடி போதாமலும் பீரங்கி தகாமலும் இருக்கிற சந்தர்ப்பங்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்ததுதான், ராணுவத்தைப் போலப் பயிற்சியும் கட்டுப்பாடும் பெற்று, போலீஸைப் போலச் சட்டத்தைக் காக்கும் நடுப்படை. பிரான்ஸில் பழைய அரச காவற்படை 1791-இல் புதுப் பெயர் பூண்டு 'ழாந்தார்மெரி' ஆயிற்று; இத்தாலியில் 1814-இல் 'கராபினியேரி' தோன்றியது.

நம் தேசத்தில் இந்த யோசனை முளைத்த கதையைத் தேடினால், அது நம்மைக் கட்கிக்கே திரும்ப அழைத்து வருகிறது. 1817 நவம்பர் 5-ஆம் தேதி இங்கே பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் சேனைக்கும் கும்பினிப் படைக்கும் யுத்தம் நடந்தபோது, புனேயில் ஆங்கில ரெஸிடென்டாக இருந்தவர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன். ராஜ்யம் கைக்கு வந்த பிறகுதான், வென்ற சேனையைக் கொண்டு காட்டையும் மலையையும் ஆள முடியாது என்பது விளங்கிற்று. காந்தேசத்து மலைகளில் வாழ்ந்த பீல்கள் பட்டாளத்துக்கு அடங்கவில்லை. எல்பின்ஸ்டன் பம்பாய் கவர்னராயிருந்த காலத்தில், 1825-இல், ஜேம்ஸ் அவுட்ரம் என்ற இளம் அதிகாரி அந்தப் பீல்களோடு பழகி, வேட்டையாடி, அவர்களுடைய நம்பிக்கையைச் சம்பாதித்து, அவர்களைக் கொண்டே 'பீல் கோர்' என்ற காவற்படையை அமைத்தார். பிரதேசத்துக்குப் பயமாயிருந்தவர்களே பிரதேசத்துக்குக் காவலானார்கள். சென்னை மாகாணத்தில் மாப்பிள்ளைக் கலகத்தை ஒட்டி 1921-இல் ஏற்பட்ட மலபார் ஸ்பெஷல் போலீஸும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

தேசம் முழுவதற்குமான படை 1939 ஜூலை 27-ஆம் தேதி மத்திய இந்தியாவிலுள்ள நீமச்சில் உருவாயிற்று. சமஸ்தானங்களில் ஜனங்கள் உரிமை கேட்டுக் கிளம்பிய காலம் அது. ஆங்கில அரசு அதற்கு வைத்த பெயர் 'கிரௌன் பிரதிநிதியின் போலீஸ்' என்பது. கிளர்ச்சியை அடக்கப் பிறந்த அந்தப் படையைச் சுதந்திர இந்தியா கலைத்திருக்கலாம். ஆனால் சர்தார் வல்லபபாய் படேல் அதைக் கலைக்காமல் வைத்துக்கொண்டார். 1949 டிசம்பர் 28-இல் நிறைவேறிய சட்டம் அதை மத்திய ரிஸர்வ் போலீஸ் படை ஆக்கியது. அடுத்த ஆண்டு மார்ச் 19-ஆம் தேதி நீமச்சுக்கே சென்று படேல் அதற்குக் கொடி வழங்கினார். 1959 அக்டோபர் 21-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனத் துருப்புகளின் குண்டுக்கு அப்படையினர் பத்துப் பேர் பலியானார்கள். அந்த நாளே இன்றும் போலீஸ் தியாகிகள் தினம்.

இத்தகைய படை எஜமானனாகிவிடாதபடி காப்பது எது? நம் அரசியல் சட்டப்படி போலீஸ் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே அமைதி காக்க மத்தியப் படை வரும்போது மாநில நிர்வாகத்துக்குத் துணையாக நிற்பதே முறை. கலகக் கூட்டத்தை எதிர்கொள்வதற்கும் சட்டம் ஒரு கிரமம் வகுத்திருக்கிறது: முதலில் கலைந்து போகும்படி ஆணை, கேளாவிட்டால் போலீஸ் பலம், அதுவும் பலிக்காத இடத்தில்தான் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின்மேல் ராணுவம்.

மகாராஷ்டிரத்துக்கென்று 1948 முதல் மாநில ரிஸர்வ் போலீஸ் படை ஒன்று உண்டு. புனேயில் ராம்டேக்டியில் அதற்கு முகாம் இருக்கிறது. கணபதி விசர்ஜன இரவில் லட்சுமி ரோடில் நின்று பார்த்தால் அதன் வேலை புரியும். டோல் தாஷாவின் முழக்கத்தில் காது அடைத்து, குலால் பொடி சட்டையெல்லாம் சிவக்க, பிரம்புக் கேடயத்தைக் காலோடு சார்த்திக்கொண்டு, அந்த ஜவான் விடியும் வரை நின்றுகொண்டே இருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவன் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். மறுநாள் காலை கட்கியின் பட்டாளம் வழக்கம்போல் தன் மதிலுக்குள்ளேயே பரேடு செய்கிறது. அதை வெளியே அழைக்கத் தேவையில்லாமல் போயிற்றே, அதுதான் அந்த ஜவானின் இரவு முழுவதன் பலன்.