அருகமர்ந்து ஆடும் ஆட்டம்

பிழைப்பை நாடி வேற்றூரில் குடியேறிய குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் விளையாட்டு சிறிய விஷயம் அன்று. சொந்த ஊரில் தெருவில் இறங்கினால் சித்தப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளுமாகப் பத்துப் பேர் கூடிவிடுவர். திருவனந்தபுரத்தில் தம்பானூரைச் சுற்றியும், தைக்காட்டிலும், சாலைக் கடைவீதியின் பின்புறத்திலும் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சுற்றம் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் கைப்பேசியும் கையுமாய் மூலையில் அமர்ந்துவிடுகிறது. ஆட்டம் நடக்கத்தான் நடக்கிறது. ஆனால் எதிரில் ஆடுபவர் யார், எந்த ஊரார் என்பது பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

இதற்காகக் கைப்பேசியையும் கணினியையும் வைவது வழக்கமாகிவிட்டது. நாம் அவ்வாறு வைய முன்வரவில்லை. ஏனெனில், ஒரே திரையின் முன் இருவர் தோளோடு தோள் உரச அமர்ந்து ஆடவேண்டிய வீடியோ ஆட்டங்களும் உண்டு. அவற்றுள் ஏர் ஹாக்கி வகையைப் பற்றிச் சில செய்திகளை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஏர் ஹாக்கி மேசையைப் பேரங்காடிகளின் கேளிக்கைக் கூடங்களில் பலர் கண்டிருக்கலாம். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள வழவழப்பான மேசை. அதன் பரப்பெங்கும் ஊசித் துளைகள். அடியில் உள்ள விசிறி அத்துளைகள் வழியே காற்றை மேலே தள்ளும். தட்டையான பிளாஸ்டிக் வட்டு அக்காற்றின் மேல் மிதக்கும். இரு கோடிகளிலும் நிற்பவர் ஆளுக்கொரு கைப்பிடிக் கட்டையால் அதை அடித்து, எதிராளியின் பக்கத்திலுள்ள பிளவுக்குள் செலுத்த வேண்டும். முதலில் ஏழு புள்ளி எடுப்பவர் வென்றவர். நடுக்கோட்டைத் தாண்டிக் கட்டையை நீட்டுதல் கூடாது. தம் பக்கம் வந்த வட்டை ஏழு விநாடிக்கு மேல் நிறுத்தி வைத்தலும் கூடாது.

அமெரிக்காவில் பிரன்ஸ்விக் பில்லியர்ட்ஸ் நிறுவனத்துப் பொறியாளர் சிலர், 1969இல், உராய்வு இல்லாத மேசை ஒன்றைச் செய்ய முயன்று அதனை இடையில் விட்டுவிட்டனர். பின்னர் பாப் லெமியூ என்னும் மற்றொரு பொறியாளர் அதனை எடுத்து, ஐஸ் ஹாக்கியைப் போல் இரு பக்கமும் இலக்கு வைத்து விளையாட்டாக்கினார். 1970களின் தொடக்கத்தில் அது விற்பனைக்கு வந்தது.

அதே ஆண்டுகளில்தான் திரையில் இருவர் பந்தடிக்கும் ஆட்டமும் பிறந்தது. 1972இல் அட்டாரி என்னும் புதிய நிறுவனத்தை நடத்திய நோலன் புஷ்னெல், ஆலன் ஆல்கார்ன் என்ற இளைஞரிடம், கைப் பழக்கத்திற்காக, மிக எளிய ஆட்டம் ஒன்றைச் செய்யப் பணித்தார். பெரிய கம்பெனிக்காகச் செய்வதாகச் சொல்லி ஏமாற்றியே செய்ய வைத்தார் என்பது வேடிக்கை. கறுப்புத் திரை, இரு வெள்ளைக் கோடுகள், ஒரு சதுரப் பொட்டு, இவ்வளவுதான். 'பாங்' என்று பெயர். ஆல்கார்ன் மட்டைக் கோட்டை எட்டுக் கூறுகளாக்கி, பந்து படும் கூற்றுக்கு ஏற்பத் திரும்பும் கோணம் மாறும்படி செய்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகமும் ஏறும். சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் முதல் இயந்திரத்தை வைத்தனர். சில நாட்களில் அது பழுதாகிவிட்டதென்று செய்தி வந்தது. திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்து உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது! இயந்திரத்தோடு தனியே ஆட அதில் வழியில்லை. ஆட விரும்பியவர் பக்கத்திலிருக்கும் ஒருவரைக் கூப்பிட்டே தீரவேண்டும்.

எனினும் இவ்வகையில் முன்னோடி புஷ்னெல் அல்லர். ரால்ஃப் பேயர் என்பவரின் வரலாற்றை நம் போன்ற புலம்பெயர்ந்தோர் அறிந்திருத்தல் நன்று. 1922இல் ஜெர்மனியில் பிறந்த யூதர். அக்குலத்தவர் என்பதனாலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். 1938இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்து, தொழிற்சாலையில் கூலி வேலை செய்தபடியே தபால் வழிப் படிப்பில் ரேடியோ பழுதுபார்க்கக் கற்றார். 1966இல் நியூயார்க்கில் பேருந்துக்குக் காத்திருந்த வேளையில், வீடுதோறும் இருக்கும் டெலிவிஷன் பெட்டியைக் கொண்டு ஏன் விளையாடக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதன் பயனாக 1972இல் மேக்னவாக்ஸ் நிறுவனம் 'ஒடிசி' என்னும் வீட்டு விளையாட்டுப் பெட்டியை விற்றது. பாங் வருமுன்னரே புஷ்னெல் அதனைப் பார்த்திருந்தார். வழக்கு எழுந்து 1976இல் சமரசமாயிற்று. ஒடிசியில் ஒரு குறை: அது புள்ளி எண்ணாது. ஆடும் இருவருமே எண்ணிக்கொள்ள வேண்டும். அதனைக் குறை என்பதா, நலம் என்பதா? எண்ணுவதில் எழும் சச்சரவும் அதைத் தீர்த்துக்கொள்வதும் விளையாட்டில் பாதி அல்லவா?

நிற்க. மேசைக்கும் திரைக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாடு நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றியது. மேசையில் உராய்வைப் போக்கப் பொறியாளர் படாத பாடுபட்டனர். நம் கேரம் பலகையில் போரிக் பவுடர் தூவுவதும் அதே நோக்கத்தோடுதான். திரையிலோ உராய்வு என்பது இயல்பாகவே இல்லை. தட்டிவிட்ட வட்டு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஏர் ஹாக்கி போன்ற வீடியோ ஆட்டம் எழுதுபவர், ஒவ்வொரு கணமும் வட்டின் வேகத்தைச் சிறிது குறைக்கும்படி கணக்குப் போட்டு, உராய்வை வலிய உண்டாக்க வேண்டியிருக்கிறது. குறைப்பது மிகுந்தால் வட்டு சேற்றில் கிடப்பது போலாகும். மிகக் குறைந்தால் கண்ணால் தொடர முடியாது. ஆட்டத்தின் உயிர் அந்த அளவில்தான் இருக்கிறது.

இன்றைக்குப் பழைய பாணியிலேயே புதிய ஆட்டங்களைச் செய்வோர் பலர். கட்டம் கட்டமான உருவங்கள், சில வண்ணங்கள், 'டொக் டொக்' என்னும் ஓசை. ஜப்பானிய டேட்டா ஈஸ்ட் நிறுவனம் 1994இல் வெளியிட்ட 'விண்ட்ஜாமர்ஸ்', ஏர் ஹாக்கியைக் கடற்கரைக்குக் கொண்டு சென்று பறக்கும் வட்டு ஆட்டமாக்கியது. அதன் இரண்டாம் பாகம் 2022இல் வந்தது. பழமை மோகம் மட்டும் இதற்குக் காரணம் என்று நாம் எண்ணவில்லை. இத்தகைய ஆட்டத்தை ஓரிருவர் சேர்ந்தே எழுதிவிடலாம். ஆடுபவரும் பார்த்த மாத்திரத்தில் விளங்கிக்கொள்வர். 1990களில் வளர்ந்த நம் தலைமுறையினருக்குக் கேசட் செருகி ஆடிய டி.வி. கேம் நினைவிருக்கும். ஜாய்ஸ்டிக்கின் கம்பி குட்டையாதலால் அண்ணனும் தம்பியும் ஒட்டித்தான் உட்கார வேண்டும். இப்போது கம்பியும் போயிற்று, ஒட்டும் போயிற்று!

கைப்பேசியிலும் இவ்வாட்டம் உண்டு. தரையில் படுக்க வைத்து, இரு பக்கமும் இருவர் விரல் வைத்து ஆடலாம். இணையத் தொடர்பு வேண்டியதில்லை. ஊருக்குப் போகும் ரயிலில் சிக்னல் அறுந்துபோனாலும் ஆட்டம் அறாது; பயணிகளை நாள்தோறும் காணும் புகைவண்டிக் கணக்கரான நாம் இதை அழுத்தியே சொல்கிறோம்.

நம் குடியிருப்புக்குச் சென்ற ஆண்டு, இடவப்பாதி மழை கொட்டத் தொடங்கிய ஜூன் மாதத்தில், திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி ஒரு குடும்பம் வந்தது. பத்து வயதுச் சிறுவன். மலையாளம் ஒரு சொல்லும் தெரியாது. பள்ளியில் வாய் திறப்பதில்லை என்று தாயார் வருந்தினார். மழையில் வெளியே ஆட வழியில்லை. எதிர் வீட்டு மலையாளப் பையன் ஒரு மாலையில் கைப்பேசியை வராந்தாவில் வைத்து, அவனைக் கையால் சைகை காட்டி அழைத்தான். இவன் 'ஒன்று, ரெண்டு' என்று எண்ண, அவன் 'ஒந்நு, ரெண்டு' என்று எண்ணினான். 'ரெண்டு' இருவருக்கும் ஒன்றாகவே இருந்ததில் இருவருக்கும் சிரிப்பு. ஓணத்திற்குள் இவன் மலையாளத்தில் சண்டை போடவே கற்றுவிட்டான். எழுபது கடந்த அவன் பாட்டனாரும் இடையில் வந்து அமர்ந்தார். "தாத்தா, கோட்டைத் தாண்டக் கூடாது, சொன்னா கேளுங்க!" என்று பேரன் அதட்ட, அவர் "நீ மட்டும் தாண்டலியாக்கும்?" என்று விடாமல் வாதாடியதை நாமே கேட்டோம்.

கேரம் பலகை இருக்க இது எதற்கு என்று கேட்கும் பெரியோரும் உண்டு. கேரத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. சென்னை மரிய இருதயம் அதில் இருமுறை உலக வாகை சூடியவர். 1996க்குரிய அர்ஜுனா விருது பெற்றவர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். இங்குள்ள வாசகசாலைகளிலும் மலையாள நண்பர்கள் 'காரம்ஸ்' என்று சொல்லி ஆடுவதைக் காண்கிறோம். ஆனால் திரையில் தன்னந்தனியே மூழ்கிய பிள்ளையைப் பலகைக்கு இழுப்பது கடினம். அது பார்த்துக்கொண்டிருக்கும் திரையிலேயே எதிராளியை உட்கார வைத்துவிட்டால், அங்கிருந்து பலகைக்கு வருவது ஓரடிதான்.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்து பெற்றோர் பேசிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரம், கூடத்திலுள்ள டெலிவிஷனில் ஒரு பழைய கணினியையும் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும் இணைத்து வைக்கலாம். ஏழு புள்ளிக்கு ஒரு ஆட்டம். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். பரிசு, பந்தயம் எதுவும் வேண்டா. திரையில் புள்ளி தெரியாதபடி மேல் விளிம்பில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு, புள்ளியைத் தமிழில் எண்ணும் பொறுப்பைக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். கணினி ஒன்றை நாமே கொண்டுவந்து தருகிறோம். ஜாய்ஸ்டிக் வைத்திருக்கும் அன்பர்கள் அடுத்த கூட்டத்திற்கு வரும்போது எடுத்து வருவார்களாக.